காசு வந்த வழி

சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடியில்
ஹேஸல் பார்ட்லெட்டின் அலுவலகம்.
கொவென்றியிலேயே மலிவான சொலிசிட்டர் என்று
பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.
மலிவுதான், வேலை சிக்கலாகாதவரை.
சிக்கலானால் ஆறு நிமிடம் ஓர் அலகு,
அலகுக்கு ஒரு விலை.
நான் வணக்கத்தையே சுருக்கிச் சொல்லப் பழகினேன்.

நிலத்தடியில் பழைய சுரங்கம் உண்டா,
கழிவுநீர்க் குழாய் யார் பொறுப்பு,
பின்வேலி சரிந்தால் யார் நிமிர்த்துவது,
எல்லாம் கேட்டு எழுதினார்.
பதில்கள் வந்தன. வீட்டில் குற்றமில்லை.
பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்:
"முப்பத்தாறாயிரம். எங்கிருந்து வந்தது?
சட்டம் கேட்கச் சொல்கிறது."

பதினெட்டாயிரம் சம்பளத்தில் மிஞ்சியது.
குளிரறையில் சலாது இலை பொதிசெய்த
ஒன்பது வருட இரவுகள், வங்கித் தாள்களில்.

நாலாயிரம் வளையல்.
எட்டுப் பவுண் விற்று
நாலாயிரம் பவுண் வாங்கினேன்.
அந்தச் சிரிப்பை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.
ஓர் அலகு போய்விடும்.

ஒன்பதாயிரம் சீட்டு.
"சீட்டு என்றால்?"
இருபது பேர், மாதம் ஐந்நூறு,
அவசரக்காரர் கழிவு கூறி எடுப்பார்.
நான் ஆயிரம் கழித்து எடுத்தேன்.
"ஒப்பந்தம்?"
கொப்பி இருக்கிறது.
"தாச்சி ஓடிவிட்டால்?"
ஃபோல்ஸ்ஹில்லில் கடை வைத்திருக்கிறார்,
கடையைத் தூக்கிக்கொண்டா ஓடுவார்?
பேனை நின்றது. பிறகு எழுதியது,
நெடுநேரம்.

கடைசி ஐயாயிரம் பவளராணி தருவதாகச் சொன்னது.
பொதிமேசையில் எனக்கு எதிரே நிற்பவள்.
"கடனா, அன்பளிப்பா?"
கேட்டு வருகிறேன் என்றேன்.
எங்கள் இருவருக்கும் இடையே
அந்தக் கேள்வி அதுவரை பிறக்கவில்லை.

ஹேஸல் தந்த படிவத்தில் மூன்றே வரி:
இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன்.
இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை.
இதில் நான் குடியிருக்கப் போவதில்லை.

இடைவேளையில், கையுறையைக் கழற்றாமலே வாசித்தாள்.
"கேக்கமாட்டன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"
மடித்து மேலங்கிக்குள் வைத்தாள்.
இரண்டு இரவுகள்
எங்கள் நடுவில் இலைகள் மட்டும் ஓடின.

மூன்றாம் நாள் தாள் திரும்பி வந்தது.
ஐந்தை வெட்டி இரண்டாக்கி,
வெட்டின இடத்திலும் கையெழுத்து வைத்திருந்தாள்.
"இவ்வளவுதான் நான் மறக்கக்கூடிய காசு.
மிச்சத்தைத் தந்தால் கடன்.
கடன் எண்டால் நீ என்னைக் கண்டு
மற்றப் பக்கத்தால போவாய்."

வெட்டிய தாளை வங்கி ஏற்காது என்றார் ஹேஸல்.
புதுத்தாள் தந்தார்.
இரண்டாயிரம் என்று எண்ணாலும் எழுத்தாலும்
அவள் மறுபடி எழுதினாள்.

மூவாயிரத்துக்கு நான் சனி ஞாயிறும் போனேன்.
விற்பவர் பொறுமை இழந்து மிரட்டியபோதெல்லாம்
ஹேஸல் ஒரு கடிதம் அனுப்பினார்.
மரியாதையான கடிதம்தான்.
ஆனாலும் அதை வாசித்த பிறகு
அந்த மனிதர் ஒரு வாரம் வாய் திறப்பதில்லை.

மார்ச்சில் சாவி கிடைத்தது, பின்னால் பில்லும்.
நிலப்பதிவுக் கட்டணம். தேடல்கள்.
அவற்றுக்குக் கீழே:
சீட்டு என்பது யாதென வங்கிக்கு விளக்கியமை,
மூன்று அலகு.
கட்டினேன். நியாயமான விலை.

ஞாயிறன்று பவளராணி வந்தாள்.
கைவைத்துச் சுவர் பார்த்தாள், குழாய் திறந்து பார்த்தாள்.
"எந்த உரிமையும் இல்லை, விளங்குது.
ஆனா என்ர இரண்டாயிரம் எது, காட்டு."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
மாடிப்படியின் மூன்றாம் தட்டில்
சப்பாத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதும் வந்தால் அங்கேதான் இருப்பாள்.
ஏறுகிறவர்கள் ஒதுங்கி ஏற வேண்டும்.